புதுச்சேரியை நடந்து பார்க்க: வாய்க்காலுக்குக் கிழக்கா, மேற்கா?

சித்தி மகன் போன மாதம் போன் செய்தான். "அண்ணா, பாண்டிக்கு ஒரே ஒரு நாள் போறோம். நானும் அவளும் அம்மாவும். நடந்தே பாக்கணும்னு ஆசை. ஒயிட் டவுன் மட்டும் பாத்தா போதும்ல?" போதும் என்று சொல்லியிருந்தால் பேச்சு அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். நான் முக்கால் மணி நேரம் பேசினேன். அவன் இடையிடையே "ம்" கொட்டியதை வைத்துப் பார்த்தால் பாதிதான் காதில் விழுந்திருக்கும். அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் ஊரின் அமைப்பு. பழைய புதுச்சேரி கிட்டத்தட்ட முட்டை வடிவம். சுற்றிலும் புல்வார் என்று சொல்லப்படும் அகலச் சாலைகள், உள்ளே சதுரங்கப் பலகை போல நேர் நேரான வீதிகள். பிரெஞ்சுக் கம்பெனிக்காக பிரான்சுவா மர்த்தேன் இங்கே காலூன்றியது 1674-ல். ஆனால் 1693 முதல் 1699 வரை ஊர் டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. இந்த நேர்க்கோட்டு வீதிகளுக்குத் திட்டம் போட்டவர்கள் அவர்கள்தான். கட்டங்களுக்கு நடுவே வடக்கு தெற்காக ஓடுகிறது பெரிய வாய்க்கால். அதற்குக் கிழக்கே கடல் வரை ஐரோப்பியர் குடியிருந்தார்கள், மேற்கே தமிழர்கள். அந்தக் காலத்தில் வெள்ளைப் பட்டணம், கறுப்புப் பட்டணம் என்றே பெயர். கறுப்பு போய்விட்டது. வெள்ளை மட்டும் ஓட்டல் விளம்பரங்களில் ஒயிட் டவுனாக இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. கடலில் இருந்து மேற்கு எல்லையான அண்ணா சாலை வரை நேராக நடந்தால் அரை மணி நேரம் ஆகாது. பிரச்சினை வெயில், கால்வலி, இரண்டு பக்கமும் வெவ்வேறு நேரத்தில் நன்றாக இருப்பது. எனவே எது அழகு என்று கேட்பதைவிட, எந்த நேரத்தில், யாரோடு போகிறோம் என்று கேட்டால் பதில் தானாக வந்துவிடும்.

கிழக்குப் பக்கம்

எல்லோரும் போகும் பக்கம் இது. காரணம் இல்லாமல் இல்லை. மஞ்சள் சுவர், வெள்ளைக் கரை, மதிலைத் தாண்டித் தெருவில் கொட்டும் காகிதப்பூ, நீலப் பலகையில் தமிழிலும் பிரெஞ்சிலும் வீதிப் பெயர். சுய்ஃப்ரேன், துமா, ரொமேன் ரொலான் என்று பெயர்களைப் படித்துக்கொண்டே போகலாம். நடுநடுவே சாம்பல் நிறச் சுவர்கள் வந்தால் அது பெரும்பாலும் அரவிந்தர் ஆசிரமத்துக் கட்டடம். அரவிந்தர் இங்கே வந்து இறங்கியது 1910 ஏப்ரலில். ஆசிரமம் உருவானது 1926-ல்.

கடற்கரைச் சாலைக்கு அரசு ஏட்டில் குபேர் சாலை என்று பெயர். செல்வத்துக்கு அதிபதியான குபேரன் இல்லை, புதுச்சேரியின் முதல் முதலமைச்சர் எதுவார் குபேர். சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நீளம். மாலை ஆறு மணி வாக்கில் இருந்து மறுநாள் காலை வரை வண்டிகளை விடுவதில்லை என்பதால் நடக்க இதைவிடச் சுகமான சாலை நம் பக்கத்தில் அபூர்வம். காந்தி சிலை, அதைச் சுற்றி செஞ்சியில் இருந்து கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் கருங்கல் தூண்கள், முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கான நினைவிடம், 1836-ல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கம் எல்லாம் ஒரே வரிசையில் வந்துவிடும். மேரி என்று சொல்லும் பழைய நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. இப்போது நிற்பது அதே வடிவத்தில் திரும்பக் கட்டியது. தெரியாமல் பார்த்தால் பழையது என்றே நினைப்பீர்கள்.

கடற்கரை என்று நம்பி வந்து, மணல் எங்கே என்று கேட்பவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சாலையை ஒட்டிக் கிடப்பது கரும்பாறைகள். நம் கிழக்குக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கில் இருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 1980-களின் பிற்பகுதியில் ஊருக்குத் தெற்கே துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் எழும்பியது. மணல் அங்கேயே தேங்கிவிட்டது. வடக்கே இருந்த பழைய மணலைக் கடல் கொண்டுபோய்விட்டது. சில ஆண்டுகளுக்கு முன் கடலுக்கடியில் செயற்கைத் திட்டு ஒன்றைப் போட்டபின் தலைமைச் செயலகத்துக்கு எதிரே ஓரளவு மணல் திரும்பியிருக்கிறது. குழந்தைகளைக் கூட்டிப்போனால் அந்த இடம்தான் கைகொடுக்கும்.

கடலை விட்டு உள்ளே வந்தால் பாரதி பூங்கா. நடுவில் வெள்ளையாக நிற்கும் ஆயி மண்டபத்தைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், கதையைக் கேட்பவர்கள் குறைவு. விஜயநகர அரசர் ஒருவர் இந்தப் பக்கம் வந்தபோது ஒரு வீட்டைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் கோபத்தில் இடிக்கச் சொல்லிவிட்டார். ஆயி தானே அதை இடித்து, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள். பிறகு மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரைப்பாளையத்தில் இருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தபோது இந்தக் கதை அவர் காதுக்குப் போனது. அவள் நினைவாகவே மண்டபம் எழுந்தது என்கிறார்கள். கதையில் எவ்வளவு சரித்திரம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், பிரெஞ்சு நகரத்தின் நட்டநடுவில் நிற்பது ஒரு தமிழ்த் தாசியின் நினைவுச் சின்னம்.

பூங்காவுக்குப் பக்கத்திலேயே மணக்குள விநாயகர் கோயில். பிரெஞ்சுக்காரர்கள் வருவதற்கு முன்பே இருந்த கோயில் என்பது ஊர் வழக்கு. வாசலில் ஆசீர்வாதம் செய்துகொண்டிருந்த யானை லட்சுமி 2022 நவம்பரில் இறந்தபின் அந்தத் தெருவே எனக்கு வெறிச்சோடித் தெரிகிறது. துமா வீதிப் பக்கம் கடலைப் பார்த்து நிற்கும் இளஞ்சிவப்பு மாதா கோயில் 1855-ல் கட்டியது. உள்ளே போனால் சுவரைக் கையால் தொட்டுப் பாருங்கள். சலவைக்கல் இல்லை, முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒரு குறையும் சொல்ல வேண்டும். ஒயிட் டவுனில் நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி மதில்சுவர். வீடுகள் உள்ளே, தோட்டம் தாண்டி, தூண் வைத்த தாழ்வாரத்தோடு ஒளிந்திருக்கும். தெருவுக்கு அவை காட்டுவது ஒரு வளைவு வாசலும் பூட்டிய கதவும்தான். அரசு அலுவலகம், ஆசிரமம், பிரெஞ்சு நிறுவனங்கள், ஓட்டல் என்று போக மிச்சமிருப்பதில் நீங்கள் நுழைந்து பார்க்கக்கூடியவை, சாப்பிடவோ தங்கவோ காசு கொடுக்கும் இடங்கள். ஒரு மணி நேரத்துக்குப் பின் மஞ்சள் சுவர்கள் ஒன்றுபோலத் தோன்ற ஆரம்பிக்கும். எனக்கு மட்டும்தானா என்று நினைத்திருந்தேன். கூட வந்த எல்லோரும் மூன்றாவது வீதியில் படம் எடுப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

இன்னொன்று, சனி ஞாயிறுக் கூட்டம். சென்னையில் இருந்தும் பெங்களூரில் இருந்தும் வரும் கார்கள் அந்தக் குறுகிய வீதிகளில் இடம் தேடிச் சுற்றும். ஒவ்வொரு நல்ல சுவருக்கு முன்னும் கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுப்பவர்கள் வரிசையில் நிற்பார்கள். வாரநாள் காலை ஆறரைக்கு அதே வீதியில் நீங்களும் பால்காரரும் ஒரு பூனையும்தான்.

மேற்குப் பக்கம்

வாய்க்காலைத் தாண்டுவது ஒரு அனுபவம் என்று எழுத மாட்டேன். வாய்க்கால் இன்று பெரும்பாலும் சாக்கடைதான், மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்ட வேண்டிய நாட்களும் உண்டு. தாண்டியபின் வருவது முக்கியம்.

தமிழர் பகுதி வீட்டின் முகமே வேறு. தெருவை ஒட்டி மரத்தூண்கள் தாங்கிய தாழ்வாரம், அது தெருவில் போகிறவர் வெயிலுக்கு ஒதுங்க. அதன் பின்னால் திண்ணை, அது உட்கார. பிறகு செதுக்கிய கதவு, ரேழி, முற்றம். பிரெஞ்சுக்காரர் வீட்டு மதில் உங்களை வெளியே நிறுத்தி வைக்கிறது. இங்கே வீட்டின் முதல் ஆறடி உங்களுக்காகவே கட்டியது. நடந்து பார்க்க வருகிறவர் யார் வீட்டு வாசலில் அதிக நேரம் நிற்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டு மாடி வீடுகளில்தான் விளையாட்டு. கீழ்த்தளம் சுத்தத் தமிழ் வீடு, மேல்தளத்தில் வளைவு ஜன்னல், சுவரோடு ஒட்டிய தூண், கைப்பிடிக் கம்பி வைத்த மாடம் என்று பிரெஞ்சு பாணி. ஒரே வீட்டுக்காரர் கீழே வேட்டி கட்டி மேலே கோட்டுப் போட்டதுபோல இருக்கும். இந்த மாதிரி வீடுகள் இப்போதும் வரிசையாக இருப்பது கால்வே சுப்பராயச் செட்டியார் வீதியில். ஊரில் வைசியாள் வீதி என்று கேட்டால் சொல்வார்கள். பழைய கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு வீட்டு முகப்புகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த வேலைக்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. ஒரே ஒரு தெருதான் நடக்க முடியும் என்றால் நான் இந்தத் தெருவைச் சொல்வேன், கடற்கரைச் சாலையை இல்லை.

பழமை என்று பார்த்தாலும் மேற்கே கை ஓங்கியிருக்கிறது. 1761-ல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து பிரெஞ்சுப் பக்கத்தைத் தரைமட்டமாக்கினார்கள். ஒயிட் டவுனில் இன்று நிற்பவை பெரும்பாலும் அதற்குப் பிறகு எழுந்தவை. ஆனால் பெரிய மார்க்கெட் அருகே ஆனந்தரங்கம் பிள்ளை வீடு இருக்கிறதே, அது 1730-களைச் சேர்ந்தது. பிள்ளை, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸுக்குத் தலைமைத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்தவர். 1736-ல் இருந்து தமிழில் நாட்குறிப்பு எழுதி வைத்தவர். 1761 ஜனவரியில் அவர் இறந்த அதே மாதம்தான் ஊரும் விழுந்தது. வீட்டின் கீழே செதுக்கிய மரத்தூண்கள், மேலே வெள்ளைச் சுண்ணாம்புத் தூண்கள். உள்ளே விடுவார்கள் என்று நம்பிப் போக வேண்டாம், முன்கூட்டி அனுமதி வாங்கினால் உண்டு. வெளியே நின்று பார்க்கத் தடை இல்லை, ஆனால் மார்க்கெட் நெரிசலில் தட்டுவண்டிக்காரர் உங்களை நிற்க விடமாட்டார்.

மிஷன் வீதியில் 1791-ல் எழுந்த பெரிய கிறிஸ்தவக் கோயில். ஊரார் அதைச் சம்பா கோயில் என்கிறார்கள். நெல் வகையோடு சம்பந்தமில்லை. சேன் போல், அதாவது புனித பவுல் என்ற பிரெஞ்சு உச்சரிப்பு தமிழ் வாயில் உருண்டு சம்பாவானது. இதன் பக்கத்தில்தான் ஒரு காலத்தில் வேதபுரீஸ்வரர் கோயில் இருந்தது. 1748-ல் ஆங்கிலேயர் முற்றுகை நடந்த சமயத்தில் அது இடிக்கப்பட்டது. அதைப் பார்த்துத் தவித்ததைப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். பிற்பாடு கட்டிய வேதபுரீஸ்வரர் கோயிலுக்கு இங்கிருந்து சில நிமிட நடைதான். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் அந்தக் காலத்து ஊரின் சண்டை சச்சரவு ஓரளவு புரியும். பலகையில் எழுதி வைத்ததைவிட அதிகம் புரியும்.

பிறகு கவிஞர்கள். பாரதியார் 1908-ல் இருந்து 1918 வரை பத்தாண்டு இங்கே இருந்தார். ஆங்கிலேய போலீஸ் கைக்கு எட்டாத ஊர் என்பதால் வந்தவர். ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் அவர் குடியிருந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. பாரதிதாசன் வீடு பெருமாள் கோயில் வீதியில். இரண்டும் திங்கட்கிழமை பெரும்பாலும் மூடியிருக்கும், போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த வரிகளுக்கும் அந்தக் குறுகலான மாடிப்படிக்கும் முடிச்சுப் போட முடியுமா என்று அங்கே நின்று யோசிப்பது எனக்குப் பிடிக்கும். பிரெஞ்சுச் சுவருக்கு முன் எனக்கு இந்த மாதிரி ஒன்றும் ஓடுவதில்லை.

குறைகள் இங்கேயும் இருக்கின்றன, கொஞ்சமாக இல்லை. நடைபாதை என்று ஒன்று இருந்தால் அதன்மேல் பைக் நிற்கும். பல தாழ்வாரங்களைக் கடைகள் விழுங்கிவிட்டன. அழகான இரண்டு வீட்டுக்கு நடுவே கண்ணாடி ஒட்டிய ஐந்து மாடிக் கட்டடம் முளைத்திருக்கும். நேரு வீதியில் மாலை ஆறு மணிக்கு நடப்பது தீபாவளிக்கு முந்தைய நாள் தி. நகரில் நடப்பதற்குச் சமம். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி முழுக்கச் சந்தை. வாங்க வேண்டுமென்றால் நல்லது, வீடுகளைப் பார்க்க வேண்டுமென்றால் துணிக்குவியல்தான் தெரியும். ஒயிட் டவுனில் கால் போன போக்கில் போனாலும் அழகு கண்ணில் படும். இங்கே எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

தெற்கே ஒரு குறுக்கு வழி

ரயிலில் வந்து இறங்குகிறவர்களுக்கு மட்டும் இது. நிலையத்துக்கு மிக அருகில், தெற்குப் புல்வாரில் திரு இருதய ஆண்டவர் பசிலிக்கா. 1907-ல் முதல் பூசை நடந்த கோத்திக் கோயில். 2011-ல் பசிலிக்கா அந்தஸ்து பெற்றது. வண்ணக் கண்ணாடிகளுக்காகவே ஒரு கால் மணி நேரம் கொடுக்கலாம். அங்கிருந்து வடக்கே காஜியார் வீதி, முல்லா வீதி வழியாக வந்தால் பழைய முஸ்லிம் குடியிருப்பு, குத்பா பள்ளிவாசல். அமைதியான, யாரும் படம் எடுக்காத வீதிகள். தனியாக இதற்கென்று வர வேண்டாம், வழியில் இருந்தால் விட வேண்டாம்.

வழிகாட்டி, சைக்கிள், ஸ்கூட்டர்

கிழக்கே வழிகாட்டி தேவையில்லை. தெருப்பலகையும் ஒரு வரைபடமும் போதும். மேற்கே கட்டாயம் வேண்டும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கொடுத்த காசுக்குப் பலன் அங்கேதான். விவரம் தெரிந்தவர் கூட வந்தால் சில வீட்டுக் கதவுகள் திறக்கும். முற்றத்தில் நின்று மேலே பார்த்து, மரச்சட்டத்தின்மேல் செங்கல்லைக் குத்தவைத்துச் சுண்ணாம்பில் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரையை அவர் காட்டினால்தான் உங்களுக்குத் தெரியும். நான் முதல் நான்கு முறை அந்தக் கூரைகளுக்குக் கீழே நின்று காபி குடித்துவிட்டு வந்திருக்கிறேன், ஒரு முறைகூட அண்ணாந்து பார்த்ததில்லை.

சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். கடற்கரையோரம் அதிகாலையில் சைக்கிள் சுகம்தான், மறுக்கவில்லை. வாய்க்காலுக்கு மேற்கே அது சுமை. ஒருவழிப் பாதைகள் வேறு உங்களைச் சுற்றிச் சுற்றி அலையவிடும். ஸ்கூட்டரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஊர் எல்லையைத் தாண்டி ஆரோவில் பக்கம் போகிறவர்களுக்கு உதவும், இந்த முட்டைக்குள் ஓட்டினால் வண்டியை நிறுத்த இடம் தேடுவதே வேலையாகிவிடும்.

எந்தத் திசையில் நடப்பது

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். வீதிகள் கிழக்கு மேற்காக நேர்க்கோட்டில் போவதால், காலையில் கடலை நோக்கி நடந்தால் சூரியன் நேராக முகத்தில் அடிக்கும். மாலையில் மேற்கே நடந்தாலும் அதே கதை. ஆகவே காலையில் கடலில் தொடங்கி மேற்கே போக வேண்டும், மாலையில் மேற்கே தொடங்கிக் கடலுக்கு வர வேண்டும். இரண்டு நேரமும் வெயில் முதுகில் விழும், எதிரே உள்ள வீட்டு முகப்பின்மேல் வெளிச்சம் விழும். மதியத்துக்குப் பின் கடல்காற்று எழும்பும்போது கிழக்கு மேற்கு வீதிகள் அதற்குக் குழாய் மாதிரி. வடக்கு தெற்கு வீதியில் புழுங்கிக்கொண்டு வந்து முனை திரும்பினால் சட்டை காய்ந்துவிடும்.

காலை நடை என்றால் ஐந்தே முக்காலுக்குக் காந்தி சிலையில் இருங்கள். சூரியன் கடலில் எழுவதைப் பார்த்துவிட்டு, வண்டிகள் வருவதற்குள் பீச் ரோட்டை ஒரு சுற்று. ஏழு மணிக்குப் பாரதி பூங்காவை ஒட்டி மணக்குள விநாயகர். எட்டு மணிக்கு வாய்க்காலைத் தாண்டி மிஷன் வீதிப் பக்கம் டிபன். அப்புறம் வைசியாள் வீதி, ஈஸ்வரன் கோயில் பக்கம், பாரதியார் வீடு, கடைசியில் பெரிய மார்க்கெட். பத்தரைக்குள் முடிந்துவிடும். கடைகள் முழுதாகத் திறக்காத நேரம் என்பதால் தமிழர் பகுதி வீதிகள் அப்போது மூச்சுவிடும், வாசலில் கோலம் இருக்கும், வீட்டார் தாழ்வாரத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்கள்.

மாலை என்றால் நான்கு மணிக்கு மேற்கே தொடங்கலாம். நேரு வீதியைத் தவிர்த்து, அதற்கு இணையாகப் போகும் ஏதாவது ஒரு வீதியில் கிழக்கே வந்துகொண்டே இருங்கள். புஸ்ஸி வீதிக்கு லால் பகதூர் சாஸ்திரி வீதி என்று பெயர் மாறிப் பல காலம் ஆயிற்று, ஆட்டோக்காரரிடம் புஸ்ஸி என்றே சொல்லுங்கள். கடற்கரைச் சாலைக்கு வந்து சேரும்போது தடுப்புப் போட்டிருப்பார்கள். ஒரே குறை, நினைவு இல்லங்களைப் பார்க்க நேரம் இடிக்கும், வீதிகளிலும் கூட்டம் ஏறிவிட்டிருக்கும். அரை நாள்தான் கையில் இருக்கிறது, காலை மாலை இரண்டில் ஒன்று என்றால் நான் காலையைத்தான் எடுப்பேன்.

பதினொன்றில் இருந்து மூன்று வரை எந்தப் பக்கமும் நடக்க வேண்டாம். ஒரு மே மாதம் இதைக் கேட்காமல் அம்மாவை ஒயிட் டவுனில் பன்னிரண்டு மணிக்கு நடக்க வைத்தேன். உட்கார ஒரு படிக்கட்டு இல்லை, ஒரு டீக்கடை இல்லை, மதிலுக்கு உள்ளே மரம், வெளியே நாங்கள். வாய்க்காலைத் தாண்டி வந்து முதல் திண்ணையில் அம்மா உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கார அம்மாள் கேட்காமலே சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அன்றிலிருந்து வயசானவர்களோடு வருகிறவர்களுக்கு நான் மேற்கைத்தான் சொல்கிறேன்.

மாதம் பற்றி ஒரு வரி: அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை எப்போது வேண்டுமானாலும் நாளைக் கெடுக்கும், ஜனவரி, பிப்ரவரி நல்லது. ஜூலை 14-ஐ ஒட்டிப் போக வாய்த்தால் வெயிலைப் பொருட்படுத்தாமல் போகலாம். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் ஊர்த் தாத்தாக்கள் பதக்கம் குத்திக்கொண்டு போர் நினைவிடத்துக்கு வருவார்கள். அந்த ஒரு காட்சியில் வாய்க்காலின் இரண்டு கரையும் சேர்ந்துவிடும்.

சரி, தம்பிக்கு என்ன சொன்னேன்? காதலர்களாக, நண்பர்களாக, கேமராவோடு வந்தால் கிழக்கு, அதுவும் விடியற்காலை. குழந்தைகள் என்றால் மாலை, கடற்கரைச் சாலை, வேறெதுவும் திணிக்க வேண்டாம். முன்பே ஒருமுறை வந்து மஞ்சள் சுவரைப் பார்த்துவிட்டவர்கள் மறுபடி அங்கே போக வேண்டியதில்லை, நேராக மேற்கே போகலாம். முதல்முறை, கையில் ஒரு நாள், கூடவே அம்மா என்றால் காலையில் கடலில் தொடங்கி மேற்கே போய் முடித்துவிட்டு, மதியம் தூங்கி, மாலை ஆறு மணிக்குச் சித்தியை ஆட்டோவில் கூட்டிவந்து பீச் ரோட்டில் உட்கார வை என்றேன். "ரெண்டு பக்கமும் பாக்கச் சொல்றீங்க, இதுக்கா முக்கால் மணி நேரம்?" என்று கேட்டான். திசை முக்கியம்டா என்றேன்.

அடுத்த ஞாயிறு காலை ஒன்பதே காலுக்கு வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. மஞ்சள் சுவரும் இல்லை, கடலும் இல்லை. ஏதோ ஒரு வீட்டுத் திண்ணையில் சித்தி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு பாட்டி, இருவர் கையிலும் காபி டம்ளர். கீழே எழுதியிருந்தான்: "அரை மணி நேரமா எழுந்திரிக்க மாட்டேங்கிறாங்க. மார்க்கெட்டை விட்டுடலாமா?"